பூஜை நாட்களில் ஜூலிக்கு வைத்த கொள்ளு

பணி அனுபவங்களை எழுத ஒரு வயது வேண்டும் என்பார்கள். எனக்கு முப்பத்திரண்டுதான் ஆகிறது. ஆனாலும் குதிரை லாயத்து வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. திரும்பப் போகப் போவதில்லை. அப்படிப் பார்த்தால் நானும் ஓய்வு பெற்றவள்தான். சவாரிப் பள்ளிகளில் புதிதாக மேற்பார்வைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர், "அக்கா, முதலில் எதைக் கவனிக்கணும்?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். சேணம் பூட்டுவது, குளம்பு சுத்தம் செய்வது எல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. ஒரு குதிரையை நான் எப்படிச் சாகவிட்டேன் என்பதைச் சொல்கிறேன். இந்த வேலையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், பாரிவாக்கத்துக்குள் திரும்பி, மனைப்பிரிவுக் கற்களையெல்லாம் தாண்டிப் போனால் எங்கள் பள்ளி. ஏழு குதிரைகள். என் கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. நான் விலங்கியல் பட்டதாரி. அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் உரிமையாளர் என்னை எடுத்தார். "டிகிரி படிச்சவங்க ஒருத்தர் இருந்தா பேரண்ட்ஸுக்கு ஒரு நம்பிக்கை" என்றார். நான் குதிரைகளுக்காக எடுக்கப்படவில்லை, பெற்றோருக்காக எடுக்கப்பட்டேன். அன்று அது உறைக்கவில்லை.

குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் ஏழுமலை. என் வயதுதான் இருக்கும். பத்து வருடம் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு காட்டுப்பாக்கத்துக்குக் குடிவந்ததால் எங்களிடம் சேர்ந்தவர். வாய் கொஞ்சம் அதிகம். "அண்ணா, இது கடிக்குமா?" என்று ஒரு அம்மா கேட்டால், "பசிச்சா கடிக்கும்மா. உங்க ஊட்டுக்காரரு மாரிதான்" என்பார். அந்த அம்மா சிரித்துவிடுவார். நான் முறைப்பேன். பெற்றோரிடம் இப்படிப் பேசக் கூடாது என்று இரண்டு முறை தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன்.

முதல் வருடம் ஒரு மத்தியானம், வயதான சாம்பல் நிறக் குதிரைக்கு வயிற்று வலி வந்தது. படுத்து உருண்டது, எழுந்து தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அன்று ஏழுமலைக்கு விடுப்பு. கால்நடை டாக்டர் ஃபோனில், "நான் வர்ற வரைக்கும் உருள விடாதீங்க. கயித்தப் புடிச்சு மெதுவா நடத்துங்க" என்றார். இரண்டு மணி நேரம் வெயிலில் நடத்தினேன். சாயங்காலம் லத்தி போட்டது, புல்லைத் தேடியது. உரிமையாளர் நான் கயிறு பிடித்து நிற்கும் படத்தைப் பெற்றோர் குழுவில் போட்டு, "எங்கள் மேடம்" என்று எழுதினார். நான் அதை என் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அனுப்பினேன். அன்றோடு, குதிரைக்கு உடம்பு சரியில்லை என்றால் நடத்த வேண்டும் என்பது என் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் என்பதை நான் மறந்துபோனேன்.

மகள் பிறந்து ஏழாவது மாதம் வேலைக்குத் திரும்பினேன். மாமியாரிடம் விட்டுவிட்டு வண்டியில் வருவேன். பருத்திப்பட்டு ஏரி வரும்போது சந்தேகம் வந்துவிடும்: கஞ்சி போதுமா, பால் எடுத்து வைத்தது போதுமா. வண்டியை ஓரங்கட்டி ஃபோன் செய்வேன். "இப்பத்தானே சாப்ட்டா. நீ வேலையப் பாரும்மா" என்பார். பத்து நிமிடத்தில் மறுபடி செய்வேன். அந்த மாதங்களில் யார் தட்டில் என்ன குறைந்தாலும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஆனால் நான் எந்தக் கண்ணோடு தீனித் தொட்டியைப் பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பே மழை பிடித்துக்கொண்டது. மைதானம் சேறாகிவிட்டதால் வகுப்புகளை நிறுத்தினோம். குதிரைகள் லாயத்தை விட்டு இறங்கவில்லை. முதல் நாள் மாலை ஜூலியின் தொட்டியைப் பார்த்தேன். ஜூலி என்பது எங்கள் பழுப்புப் பெண்குதிரை. புதிதாக ஏறும் குழந்தைகளை அதன்மேல்தான் உட்கார வைப்போம், அவ்வளவு பொறுமை. கொள்ளும் ஓட்ஸும் பாதி அளவுதான் இருந்தது. பக்கத்தில் காய்ந்த புல் மட்டும் குவிந்து கிடந்தது.

"என்ன ஏழுமலை, தீனி கம்மியா இருக்கு?"

"வேலை இல்லல்ல மேடம். நின்னுகினே கீதுங்க. புல்லு நெறைய போட்டுக்கீறேன். தானியம் பாதி போதும்."

"சார்ட்ல வேளைக்கு ரெண்டு கிலோன்னு இருக்கு."

"அது ஓடற நாளுக்கு மேடம். சும்மா நிக்கறப்போ அத்தினியும் போட்டா சதைல போய் சேந்துக்கும். அப்பால ஓட உட்டா கட்டிக்கும்."

"இது எந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்கு?"

அவர் சிரித்தார். "குதிர முதுகுல."

சுவரில் ஒட்டியிருந்த அந்த அட்டவணையை நான்தான் தயாரித்திருந்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து படித்து, எடைக்கு ஏற்ற அளவெல்லாம் போட்டு, கண்ணாடித் தாள் ஒட்டி மாட்டியது. ஓய்வு நாளுக்கு என்று அதில் ஒரு வரி இல்லை. எனக்கு அப்படி ஒன்று உண்டென்றே தெரியாது. அவர் சிரித்ததும் எனக்குச் சுருக்கென்றது. கூட்டிப் பெருக்கும் இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது என் வாயிலிருந்து வந்தது இது: "அப்ப மிச்ச மூட்டை எங்க போகுது?"

ஏழுமலை திரும்பிப் போனார். வாளியை எடுத்து வந்தார். என் கண் முன்னால் ஒவ்வொரு தொட்டியாக நிரப்பினார். ஜூலியிடம் வந்தபோது அதன் கழுத்தைத் தட்டி, "துன்னு கண்ணு. மேடம் பாத்துகினு கீறாங்க" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் குறைத்துப் போடட்டுமா என்று கேட்கவே இல்லை. திருடன் என்று சொன்ன பிறகு யார் கேட்பார்கள்?

மூன்றாவது நாள் பூஜை. எங்கள் பக்கத்தில் அன்று எந்த இயந்திரமும் ஓடாது. ஆவடித் தொழிற்சாலைகளில் லேத்துக்கும் லாரிக்கும் சந்தனம் வைத்து நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை வரை தொட மாட்டார்கள். நாங்கள் சேணங்களையும் கடிவாளங்களையும் கழுவி சாமி படத்துக்கு முன் அடுக்கினோம். குதிரைகளின் நெற்றியிலும் பொட்டு வைத்தோம். ஏழுமலை உரிமையாளரிடம், "கைல புடிச்சுகினு ஆளுக்கு ஒரு சுத்து நடத்திட்டு வரட்டா சார்? மூணு நாளா நிக்குதுங்க" என்று கேட்டார்.

"பூஜை அன்னிக்கு வேலை வாங்கக் கூடாதுப்பா. ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்."

எனக்கும் அது கருணையாகத்தான் பட்டது. லேத்து நின்றால் நின்றதுதான். குதிரை நின்றாலும் அதன் உள்ளே தின்றது வேலை செய்துகொண்டே இருக்கும். அது நடந்தாக வேண்டிய உடம்பு. புல்லை மெல்ல மெல்ல மென்றுகொண்டு, தன் கூட்டத்தோடு நாள் முழுக்க நடந்து திரிய வேண்டியதை நான்கு சுவருக்குள் நிறுத்தி, ஓடும் குதிரைக்கான தானியத்தைக் கொட்டிவிட்டு, ஓய்வு கொடுத்தோம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். போதாததற்கு அன்று வந்தவர்கள் எல்லோரும் பொரி கடலையும் வெல்லமும் ஊட்டினார்கள். மாமியார் மகளைக் கூட்டி வந்திருந்தார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜூலிக்கு நானே இரண்டு கை சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். அது நக்கியதும் மகள் கூச்சலிட்டுச் சிரித்தாள்.

மறுநாள் விஜயதசமி. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அன்றுதான் முதல் வகுப்பு. காட்டுப்பாக்கம் அடுக்குமாடிகளிலிருந்தும் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்தும் நாற்பது குடும்பத்துக்கு மேல் வந்திருந்தார்கள். மழை விட்டிருந்தது. ஒரு சின்னக் காட்சி வேண்டும் என்றார் உரிமையாளர். பெரிய மாணவி ஒருத்தியை ஜூலிமேல் ஏற்றி மைதானத்தைச் சுற்றி ஓட்டச் சொன்னார். நான்காவது சுற்றில் ஜூலியின் பின்கால் நடை சுருங்கியது. ஐந்தாவதில் மைதானத்தின் நடுவே நின்றுவிட்டது. கழுத்திலும் தொடையிலும் வியர்வை வழிந்தது. மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு வாங்கியது.

மாணவியை இறக்கினோம். ஏழுமலை கயிற்றைப் பிடித்து நின்றார். உரிமையாளர் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இங்க நிக்க வெக்காதீங்க மேடம். எல்லாரும் வீடியோ எடுக்கறாங்க. அந்தக் கோடிக்குக் கூட்டிட்டுப் போங்க."

நான் கயிற்றுக்குக் கை நீட்டினேன்.

"நடத்தாதீங்க மேடம்" என்றார் ஏழுமலை. "ஒரு அடி கூட நடத்தாதீங்க. இங்கியே நிக்கட்டும், ஒரு போர்வை கொண்டாங்க."

"வயித்து வலின்னா நடத்தணும். எனக்குத் தெரியும்."

"வயித்து வலின்னா உருளும். வயித்த திரும்பிப் பாக்கும். இது பாக்குதா? தொட்டுப் பாருங்க, பின்சதை கல்லு மாரி கீது."

நான் தொடவில்லை. இதைத்தான் இத்தனை நாளாக யோசிக்கிறேன். கை நீட்டினால் எட்டும் தூரம். ஒரு கையைத் தொடையில் வைத்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஆனால் தொட்டால் அவர் சொன்னது சரி என்றாகிவிடுமோ என்று பயந்தேன். மூட்டை எங்கே போகிறது என்று கேட்டுவிட்டேன் அல்லவா? தீனியில் அவர் சொன்னது சரி என்றால் இதிலும் சரி. இதில் சரி என்றால் அதிலும் சரி.

"கயித்தக் குடுங்க" என்றேன்.

கொடுத்தார். வேறு என்ன செய்ய முடியும்? நான் மேடம்.

மைதானத்தின் கோடியில், சுற்றுச்சுவரை ஒட்டி, இருபது நிமிடம் ஜூலியை நடத்தினேன். ஒவ்வொரு அடிக்கும் நின்றது. நான் இழுத்தேன். "வா ஜூலி, வா, சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே இழுத்தேன். அது என்னை நம்பி வந்தது. பொறுமையான குதிரை. கடைசியில் பின்கால் இரண்டும் மடங்கி உட்கார்ந்தது. பிறகு சாய்ந்தது. அப்போது சிறுநீர் கழித்தது. டிக்காஷன் நிறத்தில் இருந்தது.

டாக்டர் மத்தியானம் வந்தார். தொடையைத் தொட்டார், தரையைப் பார்த்தார். மூன்று கேள்விதான் கேட்டார். எத்தனை நாளாக நிற்கிறது? தானியம் குறைத்தீர்களா? இந்த நிலையில் யார் நடத்தியது?

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உரிமையாளர், "ஆளுங்கதான் சார். சொன்னா கேக்கறதில்ல" என்றார்.

ஓய்வில் முழுத் தானியம் தின்ற குதிரையைத் திடீரென்று ஓட்டினால் தசை இறுகிச் சிதையும், சிதைந்தது ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும் என்று டாக்டர் விளக்கினார். இறுகிய பிறகு நடத்தும் ஒவ்வொரு அடியும் இன்னும் கொஞ்சம் சதையைக் கிழிக்கும் என்றார். மருந்தும் பாட்டில் பாட்டிலாக நீரும் ஏற்றினார்கள். அந்த இரண்டு நாளும் நான் மகளுக்குப் பால் கொடுக்க வீட்டுக்கு ஓடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். ஒரு முறை வரத் தாமதமாகி, பால் கட்டி, சட்டை நனைந்து ஜூலியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கட்டிக்கொண்ட சதை எப்படி வலிக்கும் என்று அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. ஏழுமலை அதன் தலைமாட்டை விட்டு நகரவில்லை. ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் காலை நான் போனபோது, ஜூலியின் முகத்தை ஏழுமலை தன் துண்டால் மூடியிருந்தார்.

அன்று மாலை உரிமையாளர் கூப்பிட்டார். "பேரண்ட்ஸ் கேக்கறாங்க மேடம். ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நீங்க நல்லா எழுதுவீங்க."

"என்னன்னு எழுதறது சார்?"

"நடந்ததை எழுதுங்க. தீனி போடறது யார் வேலை? அவன் வேலை. குதிரை நின்னப்ப கயித்தப் புடிச்சிருந்தது யாரு? அவன். அதானே நடந்தது?"

எழுதினேன். "தீனி அளவிலும் நோயின் அறிகுறிகளைக் கவனிப்பதிலும் பராமரிப்பாளர் காட்டிய கவனக்குறைவே காரணம்." மூன்று முறை திருத்தினேன், ஒரு வரி கூடப் பொய் என்று யாரும் விரல் வைக்க முடியாதபடி. வேலை போய்விடும் என்ற பயமில்லை. என் சம்பளம் இல்லாமலும் எங்கள் குடும்பம் ஓடியிருக்கும். "எங்கள் மேடம்" என்று எழுதிய அதே குழுவில் என்னைப் பற்றி வேறு விதமாகப் பேசுவார்களே என்ற பயம். அவ்வளவுதான். அதற்காக ஒரு மனிதரின் பிழைப்பை எடுத்தேன்.

ஏழுமலைக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். உரிமையாளர் நீட்டிய தாளை நின்றபடி முழுவதும் படித்தார். மடித்து மேசைமேல் வைத்தார். "கவனக்குறைவு... நல்ல வார்த்தை மேடம்" என்றார். அன்றே போய்விட்டார். அறிக்கையைப் படம் எடுத்து, உரிமையாளர் பெற்றோர் குழுவுக்கும் மற்றச் சவாரிப் பள்ளிகளுக்கும் அனுப்பினார்.

அதன் பிறகு எட்டு மாதம் வேலை பார்த்தேன். ஓய்வு நாட்களில் தானியத்தைப் பாதியாக்கினேன், கையில் பிடித்தாவது தினமும் நடக்க வைத்தேன், நீண்ட ஓய்வுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் மெல்லத்தான் வேலை வாங்கினேன். ஆனால் சுவரில் இருந்த அட்டவணையை மாற்றவில்லை. மாற்றினால் அதுவரை இருந்தது தவறு என்று ஆகுமே! யாருக்கும் சொல்லாமல் கையாலேயே குறைத்தேன். குழந்தையைக் காரணம் காட்டி வேலையை விட்டபோது, குறைக்கத் தெரிந்த கையும் என்னோடு வந்துவிட்டது. அட்டவணை அங்கேயே இருக்கிறது. வேறு பள்ளிகளும் அதைப் படம் எடுத்துப் போய் ஒட்டியிருப்பதாகக் கேள்வி. உங்கள் லாயத்தில் இருந்தால் இன்றே கிழித்துப் போடுங்கள்.

போன மாதம் காட்டுப்பாக்கத்தில் காய் வாங்கப் போனபோது ஏழுமலையைப் பார்த்தேன். சுமை ஆட்டோவிலிருந்து தண்ணீர்க் கேன் இறக்கிக்கொண்டிருந்தார். நானே பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னா மேடம். பாப்பா நல்லா கீதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வருத்தம் சொன்னேன், நிறையச் சொன்னேன். கேனைத் தோளில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணு லாயத்துல போய் கேட்டேன் மேடம். மூணு பேரும் ஃபோன்ல உன் லெட்டர எடுத்துக் காட்னான். கேன் தூக்கறது ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா குதிரைய சாவடிச்சவன்னு ஒரு பேரு கீது பாரு, அது என்து இல்ல. உன்து."

அவர் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"அத்த எழுதத் தெரிஞ்சுதுல்ல? இத்தயும் எழுது."

முதலில் உரிமையாளருக்கு எழுதினேன். கும்பிடும் கை படம் ஒன்று பதிலாக வந்தது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். ஜூலிக்கு ஓய்வு நாட்களில் முழுத் தானியம் வைக்கச் சொன்னது நான். வேண்டாம் என்று சொன்னவர் ஏழுமலை. இறுகிய தசையோடு அதை இருபது நிமிடம் நடத்தியது நான். ஒரு அடி கூட நடத்தாதீர்கள் என்று சொன்னவர் ஏழுமலை. உங்களுக்கு வந்திருக்கும் பழைய அறிக்கையில் பராமரிப்பாளர் என்று இருக்கும் இடத்திலெல்லாம் மேற்பார்வையாளர் என்று படியுங்கள்.

அனுப்புவதற்கு முன் இதை ஏழுமலைக்கு அனுப்பினேன். மறுநாள் ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் ஆட்டோ ஓடும் சத்தம்.

"படிச்சேன் மேடம். சரியாத்தான் கீது. இத்த பாத்துட்டு எவனாச்சும் என்னய வேலைக்கு கூப்டறேன்னா, நம்பர் குடுக்காத. நான் இனிமே எந்தக் குதிர கிட்டயும் நிக்கமாட்டேன்."